புறத்தூய்மை தொண்ணூத்தெட்டு

ஏனுங்க அம்முணி, ஒரு ஒத்தாசை. ஜன்னலோரம் எனக்கு உடறீங்களா? வாந்தியெல்லாம் இல்லீங்க, பயப்படாதீங்க. வேட்டியில ஒட்டியிருக்கற கருமத்தைப் பொறுக்கி வெளிய போடோணும், அதுக்குத்தான். வண்டிக்குள்ள போட்டா கண்டக்டரு வைவாரு. அவரு வையாட்டியும் நான் போட மாட்டனுங்க. சுத்தம்ங்கறது நம்ம ஒடம்போட ஒட்டுனது.

மவராசியா இருங்க.

பாருங்க, கரை பூரா எப்புடி அப்பியிருக்குதுன்னு. கொழுக்கட்டைப் புல்லுன்னு பேரு. பேருல மட்டுந்தான் கொழுக்கட்டை. கையில எடுத்துப் பாருங்க, வெறும் சொணை. பூனை ரோமத்தை உருட்டி வெச்சாப்புல இருக்குதா? இதைப் போயி விதைங்கறாங்க. முப்பத்தோரு வருசம் விதையோடயே பொழங்குனவன் நானு. என்னாலயே நம்ப முடியலீங்க, நீங்க எப்புடி நம்புவீங்க?

நீங்க எங்க எறங்கறீங்க? பெரியாஸ்பத்திரியா? நர்சுங்களா! அப்பச் சரி, சுத்தத்தைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. நான் கலெக்டர் ஆபீசு போறனுங்க. இன்னிக்குத் திங்கக்கெழமை, மனு வாங்கற நாளு. இது எனக்கு அஞ்சாவது மனு. மொத மனுவுனால வந்த ரோதனைதான் இத்தனையும்.

எம்பேரு தெய்வசிகாமணி. ஊரு கொழிஞ்சிவலசு, மூலனூர்லருந்து உள்ள போகோணும். விதை சுத்திகரிப்பு நிலையத்துல மேஸ்திரியா இருந்து ரிட்டையர் ஆனவன். நெல்லு, சோளம், உளுந்து, எதுவா இருந்தாலும் நம்ம சல்லடையில எறங்கி வந்தாத்தான் மூட்டையில சீட்டுக் கட்டுவாங்க. புறத்தூய்மை தொண்ணூத்தெட்டு சதம். அப்படின்னா நூறு கிலோவுல ரெண்டு கிலோவுக்கு மேல தூசி தும்பு இருக்கப்படாது. நான் இருந்த வரைக்கும் ஒரு தடவை கூட தொண்ணூத்தேழு வந்ததில்லீங்க. ரிட்டையர் ஆன அன்னிக்கு எனக்கொரு மொறம் குடுத்தாங்க, வெள்ளி முலாம் பூசுனது. ஊட்டுல சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருக்கறேன்.

சரி, விசயத்துக்கு வர்றேன்.

எங்கூருக்குக் கெழக்கால நாப்பது ஏக்கரா மேய்க்கால் பொறம்போக்கு. ஆடு மாடு மேயறதுக்குன்னே அந்தக் காலத்துல உட்டு வெச்ச எடம். நடுவுல ஒரு முப்பது வருசமா வேலிக்காத்தான் முள்ளு மண்டிப் போச்சு. ஆடு உள்ள போனா தோலு கிழிஞ்சு வரும். சும்மாதானே கெடக்குதுன்னு சோலார் கம்பெனிக்காரன் ஒருத்தன் கண்ணு வெச்சுட்டான். கண்ணாடிப் பலகை நட்டு வெச்சு வெய்யில்ல கரண்டு எடுக்கறானாமா. எங்க பஞ்சாயத்துத் தலைவருக்கும் அதுல ஒரு ஆசை.

அந்த நேரம் பாத்துத்தான் நவமணி மேடம் வந்தாங்க. கோயமுத்தூர்ல ஏதோ டிரஸ்ட்டு, செடி கொடி படிச்சவங்க. முள்ளை எடுத்துட்டு, பழையபடி புல்லுக்காடா ஆக்கித் தர்றோம், ரெண்டு வருசம் குடுங்கன்னு கேட்டாங்க. கிராம சபையில பேசி முடிவாச்சு. ரெண்டாவது வருசம் கார்த்திகைக்குள்ள அங்க புல்லு நிக்கோணும். நின்னா மேய்க்கால். நிக்கலீன்னா கண்ணாடிப் பலகை. அம்புட்டுத்தான்.

இதுல பொழப்பே போயிரும்னு இருந்தது எங்க பக்கத்தூட்டு மயிலாத்தாளுக்குத்தான். அவளுக்குப் புருசன் இல்ல, சொந்தக் காடு இல்ல, நாப்பத்திநாலு செம்மறியாடு மட்டும் இருக்குது. மேய்க்கால் போச்சுன்னா ஆட்டை வித்துப்போட்டு பனியன் கம்பெனிக்குப் போகோணும். அம்பத்தஞ்சு வயசுல எவன் வேலை குடுப்பான்? சபையில எந்திரிச்சு நின்னு, "வெதை நாங்க பொறுக்கித் தர்றோமுங்க மேடம், காட்டை மட்டும் உட்றாதீங்க"ன்னு சொல்லி அழுதுட்டா. எனக்கும் சங்கடமாத்தான் போச்சு. நான் ஒண்ணும் கல்லு இல்லீங்க.

மொத வருசம் முள்ளெடுக்கறதுலயே போச்சு. அடுத்த தை, மாசி ரெண்டு மாசமும் மயிலாத்தாளும் இன்னும் அஞ்சாறு பொம்பளைகளும் காடு காடாப் போயி, வேலியோரத்துல இருக்கற இந்த ரோமத்தை உருவிட்டு வந்தாங்க. பதினோரு மூட்டை. இதை யாருகிட்ட பத்திரமா வெக்கறதுன்னு பேச்சு வந்தப்ப ஊரே என்னையத்தான் திரும்பிப் பாத்துது. விதைன்னா தெய்வசிகாமணி.

மேடம் வந்து, "ஐயா, ஆவணி வரைக்கும் நனையாம வெச்சிருந்தாப் போதும்"னாங்க.

"நாத்து உடறதில்லீங்களா?"ன்னேன்.

"இல்லைங்கய்யா, நேரடி விதைப்புத்தான்."

"குழி?"

"வேண்டாம்."

"கன்னு? கூண்டு? தண்ணி லாரி?"

"எதுவும் வேண்டாங்கய்யா. மண்ணும் எருவும் கலந்து தூவி விட்டுடுவோம். எப்ப முளைக்கணும்னு அதுக்கே தெரியும்."

எனக்குச் சிரிப்பு. விதைக்குத் தெரியுமாமா! அப்பறம் எங்களையெல்லாம் எதுக்கு கவருமெண்டு சம்பளம் குடுத்து வெச்சிருந்துது? படிச்சவங்க, என்னத்தச் சொல்றதுன்னு உட்டுட்டேன். போறப்ப, "மூட்டையைப் பிரிக்காதீங்க, அப்படியே இருக்கட்டும்"னாங்க. அதை நான் மரியாதைக்குச் சொல்றாங்கன்னு எடுத்துக்கிட்டனுங்க. ஒறம்பரை ஊட்டுக்கு வந்தா, "ஒண்ணும் வேண்டாங்க, அப்படியே இருக்கட்டும்"னு சொல்றதில்லீங்களா? அதுக்காக நாம காப்பி வெக்காம உட்ருவமா?

ஆனி கடைசியில மூட்டையைப் பிரிச்சேன். அட கெரகமே! ரோமம், தாளு, சருகு, எறும்பு. ஒரு மூட்டையில ஆட்டுப் புழுக்கை அம்முணி! சத்தியமாச் சொல்றேன், புழுக்கை. அது மயிலாத்தா கட்டுன மூட்டை. கூப்பிட்டுக் கேட்டா, "வெள்வேல மரத்து நெத்தை ஆடு தின்னு போட்ட புழுக்கைங்கண்ணா. அதுல இருக்கற கொட்டைதான் வெரசா மொளைக்கும்"ங்கறா. விதை மூட்டையில புழுக்கையையும் போட்டுட்டு வேதாந்தம் வேற பேசறா. எங்க நிலையத்துல இப்புடி ஒரு மூட்டை வந்திருந்தா, கொண்டாந்த ஆளு தப்பிச்சிருக்க முடியாதுங்க.

ஆடி பொறந்துது. எங்கூரு ஆடிக்காத்து உங்களுக்குத் தெரியுமல்ல, பாலக்காட்டுக் கணவாயில பூந்து வந்து ஆளையே தள்ளும். களத்துல ஸ்டூலு போட்டு ஏறி நின்னு, மொறத்துல அள்ளித் தூத்த ஆரம்பிச்சேன். வெள்ளி மொறம் இல்லீங்க, மூங்கி மொறந்தான். பதினெட்டு நாளு தூத்துனேன். கையி ரெண்டும் கழண்டு போச்சு. எங்கூட்டுக்காரி வந்து, "ஏனுங்க, எல்லாமே பறக்குதே, கீழ ஒண்ணுமே உழுகக் காணமே"ன்னா. "பதருன்னா பறக்கத்தான் செய்யும், மணின்னா உழுகும். இது தெரியாமயே நாப்பது வருசம் எங்கூட குடித்தனம் பண்ணியிருக்கறயே"ன்னேன். அவ உள்ள போயிட்டா.

பதினோரு மூட்டையும் தூத்தி, சலிச்சு, பெரிய கல்லைப் பொறுக்கி எடுத்து, கடைசியில நாலு படி தேறுச்சு. ஆனா அந்த நாலு படி இருக்குது பாருங்க! கறுகறுன்னு, கனமா, கையில அள்ளுனா சலசலன்னு சத்தம். எனக்கே கண்ணு கலங்கிருச்சு. பித்தளைக் குண்டாவுல போட்டு மஞ்சத்துணி கட்டி சாமி ரூம்புல வெச்சேன்.

பறந்த குப்பை பூரா காத்து வாட்டத்துல மயிலாத்தா ஆட்டுப்பட்டி வேலியில போயி மலையா அடைஞ்சுக்கிச்சு. "ஏ மயிலாத்தா, உம்பட குப்பையை நீயே அள்ளிக்க"ன்னேன்.

அவ வந்து குப்பையைப் பாத்தா. என்னையப் பாத்தா. "வெதைங்கண்ணா இது"ன்னா.

"விதை உள்ள சாமி ரூம்புல இருக்குது. இது பதரு."

வைவாளோன்னு பாத்தேன். முந்தானையை இடுப்புல சொருகிட்டு, சீமாத்தை எடுத்துட்டு வந்து ஒரு துளி உடாமக் கூட்டி அள்ளுனா. மூணு நாளு அள்ளுனா. எங்கூட்டுக்காரியும் கூடப் போயி அள்ளுனா, அது எதுக்குன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல. பரவால்லியே, மயிலாத்தாளுக்கும் சுத்தம் வந்துருச்சேன்னு நான் பாராட்டக்கூடச் செஞ்சனுங்க.

ஆவணியில மேடம் வந்தாங்க. நான் குண்டாவைக் கொண்டாந்து தட்டத்துல வெச்சு நீட்டுனேன். துணியை அவுத்து, உள்ள கையை உட்டு, விரல்ல தேச்சுத் தேச்சுப் பாத்தாங்க.

"ஐயா, இது கரையான் புத்து மண்ணு"ன்னாங்க. மெதுவாத்தான் சொன்னாங்க. "இது சரளைக்கல்லு. கொழிஞ்சி விதை கொஞ்சம் இருக்கு. புல்லு எங்கய்யா?"

"புறத்தூய்மை தொண்ணூத்தெட்டுங்க மேடம்."

அப்படியே வாசப்படியில உக்காந்துட்டாங்க. கண்ணுல தண்ணி. எத்தனையோ ஆபீசருங்க நம்ம வேலையைப் பாத்திருக்கறாங்க அம்முணி, கையெழுத்தைப் போட்டுட்டுப் போயிருவாங்க. பாத்து அழுதவங்க அவிங்க ஒருத்தருதான்.

"அந்த ரோமத்துக்குள்ளதான்யா விதை இருக்கும், கண்ணுக்கே தெரியாது, அதைப் போய்த் தூத்தலாமா"ன்னு என்னமோ சொன்னாங்க. அழுகையில இருக்கறப்ப என்ன பேசறோம்னு ஆளுக்குத் தெரியாதில்லீங்களா, நான் பெருசா எடுத்துக்கல. "மிச்சமெல்லாம் எங்க?"ன்னாங்க. மயிலாத்தா அள்ளிட்டுப் போயிட்டாள்னேன். செருப்புக்கூடத் தொடாம ஓடுனாங்க. சித்த நேரங்கழிச்சு எட்டிப் பாக்கறேன், பட்டிக்குள்ள ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுச் சிரிச்சுட்டு இருக்கறாங்க. பக்கத்துல மூட்டை மூட்டையா அந்தக் குப்பை. கோவிச்சுக்காதீங்க அம்முணி, பொம்பளைங்களுக்கு எதுக்கு அழுகை வரும், எதுக்குச் சிரிப்பு வரும்னு எனக்குப் புரியறதேயில்ல.

காத்துல போனது போக அந்தக் குப்பை பன்னெண்டு ஏக்கராவுக்குத்தான் காணும்னு மேடம் கணக்குப் போட்டாங்க. கீழ்ப்புறம் பன்னெண்டு ஏக்கரா மயிலாத்தாளுக்கு. மேப்புறம் இருவத்தெட்டு ஏக்கராவை என்ன பண்றது? சும்மா உடச் சொன்னாங்க மேடம். தலைவரு என்னையக் கூப்பிட்டு, "அண்ணா, நானும் முயற்சி பண்ணுனேன்னு இருக்கோணும், நாலு பேரு பாத்தா பச்சையாத் தெரியோணும், நீங்க பாத்துப் பண்ணுங்க"ன்னாரு. நமக்குத்தான் எல்லா விதை டிப்போவுலயும் ஆளு இருக்கறாங்களே. தீவனச் சோளம் எடுத்துட்டு வந்தேன். மூட்டைக்கு மூட்டை நீலச் சீட்டு, கவருமெண்டு சான்று வாங்குன விதை. கயிறு புடிச்சு, சாலு ஓட்டி, வரிசையாப் போட்டேன். என்னோட நாலு படியையும் நடுவுல, நல்ல எடமாப் பாத்து, நானே என் கையால விதைச்சேன். அது மட்டும் ஏனோ கடைசி வரைக்கும் மொளைக்கலீங்க. மண்ணுல குத்தம்.

மயிலாத்தா என்ன பண்ணுனாங்கறீங்க? குப்பையில செம்மண்ணைக் கலந்தா, எருவைக் கலந்தா, கூடையில அள்ளி வீசுனா. அது மேல படலைக் கட்டி ஆட்டைக் கெடை போட்டா. ரெண்டு நாளைக்கொருக்கா படலை நகத்துவா, மறுபடியும் வீசுவா, மறுபடியும் ஆட்டை உட்டு மிதிக்க உடுவா. சாலும் இல்ல, வரிசையும் இல்ல. பாக்கறப்பவே எனக்கு ஒடம்பு கூசும்.

புரட்டாசியில ஒரு மழை. பத்தே நாளு! மேப்புறம் இருவத்தெட்டு ஏக்கராவும் பச்சைப்பசேல்னு சோளம். கீழ்ப்புறம் மொட்டை, ஆட்டுக் குளம்புத் தடம்தான் தெரியுது. தலைவரு எனக்குச் சால்வை போத்துனாரு. பேப்பருக்காரங்க வந்து என்னையச் சோளத்துக்கு நடுவுல நிக்க வெச்சுப் படம் புடிச்சாங்க. இருங்க, பையில இருக்குது, காட்டறேன். இந்தா. "வறண்ட நிலத்தை வளமாக்கிய விதை வித்தகர்." நல்லா எழுதியிருக்கறாங்கல்ல? ஒரு வாரத்துக்கு எனக்குக் கால் தரையில பாவுல.

அப்பறம் மூணு வாரம் மழையே இல்ல. சோளம் முழங்காலு உசரத்துல நின்னு வாட ஆரம்பிச்சுது. அதுக்கு நான் என்னங்க பண்ணட்டும்? மயிலாத்தா ஒரு தடியை எடுத்துட்டு வந்து மேப்புறத்து வழியில நின்னுக்கிட்டா. ஊரு ஆடு ஒண்ணையும் உள்ள உடல. "வாடுன சோளக்குருத்தைத் தின்னா ஆடு நின்ன எடத்துலயே உழுந்துரும், நஞ்சு"ன்னு வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் சொல்றா. நீலச் சீட்டு ஒட்டுன விதையை நஞ்சுன்னு தூத்தறா! மாட்டு டாக்டரும் வந்து அதையேதான் சொன்னாரு. அவரை அவ முன்கூட்டியே பாத்துப் பேசியிருப்பா.

ஐப்பசி பொறக்கறப்ப சோளம் கருகித் தீஞ்சு போச்சு. நாப்பது ஏக்கராவும் மொட்டை. தலைவரு நேராப் போயி, "புல் பூண்டு இல்லை"ன்னு தீர்மானம் எழுதி அனுப்பிட்டாரு. கம்பெனிக்காரங்க டேப்பைக் கொண்டாந்து அளந்துட்டுப் போனாங்க. மயிலாத்தா ஆட்டு யாவாரியைக் கூப்புட்டு வெலை விசாரிச்சாள்னு கேள்விப்பட்டேன். அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கலீங்க. சோளம் போன வருத்தம்னு எங்கூட்டுக்காரி நெனைச்சா. சோளம் மட்டும் இல்லீங்க அது.

அப்பறம் கொட்டுச்சு பாருங்க மழை. ஐப்பசி பூரா. மழை உட்டு நான் ஒரு நாளு கீழ்ப்புறம் போறேன். அம்முணி, பன்னெண்டு ஏக்கராவும் குப்பை மொளைச்சு நிக்குது! நான் பதினெட்டு நாளு தூத்தித் தூத்தி ஒதுக்குன குப்பை. கால் வெக்க எடமில்ல. புடுங்கலாம்னு ஒரு தூரைப் புடிச்சு இழுத்தேன், வேரு அசையவே மாட்டேங்குது. கையி கீறி ரத்தம். நடுவுல நடுவுல வெள்வேலக் கன்னு, அந்தப் புழுக்கையில இருந்துது பாருங்க, அது. எனக்கு வந்துது பாருங்க கோவம்.

மேடம் அதைப் பாத்துச் சந்தோசப்பட்டு மேல எழுதிப் போட்டாங்க. அது சுத்திச் சுத்தி, "உரிய விளக்கம் தருக"ன்னு எங்க தலைவரு மேசைக்கே வந்துருச்சு. அவரு அதை எடுத்து அடியில வெச்சுட்டாரு. மேடத்துக்கு மனு எழுதத் தெரியாதுங்க. எனக்குத் தெரியும். கார்த்திகை மொதத் திங்கக்கெழமை நான் போயி நேராக் கலெக்டரு கையில குடுத்தேன். நகலு இருக்குது, படிக்கறேன் கேளுங்க.

"மேற்படி மயிலாத்தாள் என்பவர் என்னால் முறையாகச் சுத்திகரித்து அகற்றப்பட்ட கழிவை மேய்க்கால் நிலத்தில் கொட்டியதன் விளைவாக, பன்னிரண்டு ஏக்கரில் இடுப்பளவு உயரத்துக்குப் புல் அடர்ந்து வளர்ந்துள்ளது. மேற்படி புல்லை வேரோடு பிடுங்க முயன்றும் இயலவில்லை. ஆடுகள் வேறு தீவனத்தைத் தொடாமல் இதையே விரும்பித் தின்கின்றன. கவுதாரிகள் முட்டையிட்டுள்ளன. முயல் நடமாட்டமும் உள்ளது. இந்நிலை நீடித்தால் அடுத்த ஆண்டு மீதி நிலத்துக்கும் பரவும் என்பதை முப்பத்தோரு ஆண்டு அனுபவமுள்ளவன் என்ற முறையில் உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன்."

இடுப்பளவு இல்லீங்க, தொடை வரைக்குந்தான். மனுன்னா கொஞ்சம் கூட்டித்தானே எழுதோணும்.

நாலே நாளுல ஒரு ஆபீசரம்மா ஜீப்புல வந்து எறங்குனாங்க. ஒரு கையில தலைவரு தீர்மானம், இன்னொரு கையில எம்பட மனு. ஒரே சர்வே நம்பரு. "புல் பூண்டு இல்லைன்னு ஒரு காகிதம், புல்லைப் பிடுங்க முடியலைன்னு ஒரு காகிதம். எதுய்யா நிஜம்?"ன்னாங்க. தலைவரு என்னையப் பாக்கறாரு. கண்ணுலயே என்னென்னமோ சொல்றாரு. நான் அதையெல்லாம் கண்டுக்கல. நான் எழுதுனா எழுதுனதுதான்.

"அம்மா, எம்பட மனுவுல ஒவ்வொரு எழுத்தும் நிஜம்"னேன்.

"ஆடு திங்குதா?"

"வளைச்சு வளைச்சுத் திங்குதுங்க."

"பிடுங்கினா வராதா?"

கையை நீட்டிக் காயத்தைக் காட்டுனேன்.

"மீதிக்கும் பரவும்னு எழுதியிருக்கீங்களே?"

"சத்தியமாப் பரவுமுங்க. எழுதி வெச்சுக்கோங்க."

எழுதி வெச்சுக்கிட்டாங்க! கீழ கையெழுத்தும் வாங்கிட்டாங்க. அந்நேரம் பாத்து ஒரு கவுதாரி வேற படபடன்னு எந்திரிச்சுப் பறந்துது. அம்மா சிரிச்சுட்டு ஜீப்புல ஏறிட்டாங்க. எம்பட மனுவை அப்படியே, ஒரு வார்த்தை மாத்தாம, அறிக்கையில எழுதி, மேய்க்கால் மேய்க்காலாவே இருக்கட்டும்னு உத்தரவு போட்டுட்டாங்க. களையை எடுக்கச் சொல்லிக் கேட்டவன் நானு, அம்முணி. நீங்களே சொல்லுங்க, இது எந்த ஊரு ஞாயம்?

தையில போர்டு வெச்சாங்க. நான் துவைச்ச வேட்டி கட்டிட்டுப் போயி மொத வரிசையில நின்னேன். துணியை எடுத்தாங்க. "கொழிஞ்சிவலசு மேய்ச்சல் காடு. விதைத்தவர்கள்: மயிலாத்தாள் மற்றும் அவரது நாற்பத்து நான்கு ஆடுகள்."

ஆட்டுக்குப் பேரு போட்டிருக்குதுங்க! நாப்பத்திநாலு ஆட்டுக்கும் எடம் இருக்குது, எனக்கில்ல. ஊரே கையத் தட்டுது. நான் அங்கயே அழுதுட்டேன் அம்முணி, சொல்றதுக்கென்ன. முப்பத்தோரு வருசம் விதைதான் எனக்குச் சோறு, விதைதான் மரியாதை. அன்னிக்குப் பூரா நான் யாருக்கும் மொகம் குடுக்கல.

பொழுதோட மயிலாத்தா ஊட்டுக்கு வந்தா. வாசல்ல நின்னு ரெண்டு கையையும் கூப்பி, "அண்ணா, நீங்க எழுதலீன்னா எங்காடு போயிருக்கும். எம்பட ஆடெல்லாம் கசாப்புக்குப் போயிருக்கும்"னா. நக்கல் பண்றாள்னு நெனைச்சுக் கதவைச் சாத்திட்டேன். ஜன்னல் சந்துல பாக்கறேன், சாத்துன கதவைப் பாத்துக் கும்புட்டுட்டுப் போறா. நக்கல் பண்றவ சாத்துன கதவைக் கும்புடுவாளுங்களா? கதவைச் சாத்துனது தப்புத்தானுங்க. இதை நான் எங்கூட்டுக்காரிகிட்டக்கூடச் சொன்னதில்ல.

அதோட முடிஞ்சுதுன்னு பாத்தா, மாசி கடைசியில மறுபடியும் வந்து நிக்கறா. வண்டியில இருவது மூட்டை. மேப்புறத்துக்கு விதை. "உங்கூட்டுலயே இருக்கட்டுங்கண்ணா. பத்திரமா இருக்கற எடம் ஊருக்குள்ள வேற ஏது?"ன்னா. மூட்டையையெல்லாம் எறக்கி ரூம்புல அடுக்குனேன். போறப்பத் திரும்பி நின்னு ஒண்ணே ஒண்ணு சொன்னா: "தூத்தாதீங்கண்ணா."

விதையைச் சொன்னாளா, அவளைச் சொன்னாளா? ஊரு பூரா என்னையத் தூத்துது, நான் யாரைத் தூத்துனேன்? அன்னியிலருந்து ரோசனை பண்றேன், புடிபடலீங்க.

இப்ப ஆடி. காத்து அடிக்குது பாருங்க வெளிய, என்ன காத்து! இருவது மூட்டையும் ரூம்புல இருக்குது. கையி அரிக்குதுங்க. மொறத்தை எடுத்து எங்கூட்டுக்காரி எங்கயோ ஒளிச்சு வெச்சுட்டா. வெள்ளி மொறத்தைக்கூட காணம். இன்னிக்கு வரைக்கும் ஒரு மூட்டையைக்கூட நான் பிரிக்கல. நம்பி வெச்சுட்டுப் போயிருக்கறா. காத்தடிக்கற நேரத்துல ஊட்டுல இருந்தா மனசு கேக்காதுன்னுட்டு காலையில எந்திரிச்சு மேய்க்காலுக்குப் போயிடறேன், களை எவ்வளவு பரவியிருக்குதுன்னு பாக்க. தையிலருந்தே திங்கக்கெழமையானா இந்த பஸ்ஸுதான், குடுத்த மனு என்னாச்சுன்னு கேக்க. மேய்க்கால்ல நடந்துட்டு வந்தா வேட்டி இந்தக் கோலம். உக்காந்து ஒவ்வொண்ணாப் பொறுக்கி வெளிய போடறதுதான் நமக்கு வேலை.

ரெண்டு, மூணு, நாலாவது மனுவெல்லாம் போர்டுல பேரு போடச் சொல்லி. இன்னிக்கு மனு வேற. கலெக்டர் ஆபீசு கேட்டுக்கிட்ட ஒரு வேப்பமரம் இருக்குதல்ல, கூப்பிடற வரைக்கும் நான் அங்கதான் வேட்டியைச் சுத்தம் பண்ணிட்டு உக்காந்திருப்பேன். போன வாரம் பாக்கறேன், கோடை மழைக்கு அந்த மரத்தடியில என்ன மொளைச்சிருக்குதுங்கறீங்க? இதே கருமம்! கலெக்டர் ஆபீசு வரைக்கும் வந்துருச்சு. அது மட்டுமா? இந்தா, வெளிய பாருங்க, அந்தப் பாலத்துக்கிட்ட. அங்க, அந்த மைல்கல்லுக்கிட்ட. பாத்தீங்களா? ரோட்டோரம் பூரா. அதுவும் ஒரு பக்கம் மட்டுந்தான், நான் உக்கார்ற இந்தப் பக்கம். யாரோ வேணும்னே என் கண்ணுல படட்டும்னு கொண்டாந்து போடறாங்க.

அதைத்தான் மனுவுல கேட்டிருக்கறேன். மூலனூர்லருந்து கலெக்டர் ஆபீசு வரைக்கும் இதை விதைக்கற ஆளு யாருன்னு கண்டுபுடிக்கோணும். கண்டுபுடிச்சு, அந்த ஆளு பேரைப் பெரிய எழுத்துல ஒரு போர்டுல எழுதி, ஊரு பாக்க நட்டு வெக்கோணும்.

ஏனுங்க சிரிக்கறீங்க?

ஆஸ்பத்திரி வந்துருச்சா? பாத்து எறங்குங்க. இருங்க இருங்க அம்முணி, உங்க சேலையில ரெண்டு ஒட்டியிருக்குது பாருங்க. நோயாளிங்க இருக்கற எடம், உள்ள கொண்டு போயிராதீங்க. கேட்டுக்கிட்டயே மண்ணுல தட்டி உட்டுட்டுப் போங்க.